முக்காலே அரைக்கால்

பிரிந்தபோது கருவிப்பெட்டியையும் பிரித்துக்கொண்டோம்.
அங்குலம் அத்தனையும் டுவெய்னுக்கு,
மில்லிமீட்டர் எனக்கு.
வண்டிதான் யாருக்கும் வேண்டாமல்
என் பேரில் வந்து விழுந்தது:
எழுபத்தொன்பதில் பிறந்த ஃபோர்டு பிக்கப்,
தலையிலிருந்து கால்வரை அங்குலம்.

கனோராவுக்கு வடக்கே நவம்பர்.
மைனஸ் பதினொன்று.
கொட்டகைக் கதவை மூடினால் இருட்டு,
திறந்தால் காற்று.
திறந்தே வைத்தேன்.
பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்கைச்
சேஸிஸோடு பிணைக்கும் ஷாக்கிள் முறிந்து
வண்டி ஒருபக்கம் சாய்ந்து நின்றது,
அடுத்த அறையை ஒட்டுக்கேட்பவள்போல.

ஜாக்கியில் ஏற்றி, கட்டை கொடுத்து,
அட்டையை விரித்து மல்லாந்து நுழைந்தேன்.
கண்ணுக்கு நேர்மேலே நட்டு.
நட்டு என்பது பழக்கத்தில் சொல்வது.
அங்கே இருந்தது
தன் ஆறு மூலையையும் மறந்துபோன
பழுப்பு உருண்டை.
முந்தின இரவே எண்ணெய் பீய்ச்சியிருந்தேன்.
குடித்துவிட்டுப் பேசாமல் இருந்தது.

சாலைக்கு அந்தப்புறம் ஓரஸ்ட் ஹ்னாட்டியுக்.
என்ன சைஸ் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல்
முட்டை வாளியில் மூன்று ஸ்பானரைப் போட்டுக் கொடுத்தார்.
"இதுல ஒண்ணு. இல்லேன்னா ரம்பம்."

முக்காலே வீசம்: வாயே வைக்கவில்லை.
முக்காலே மூணு வீசம்: கைகுலுக்க வந்து
விரல்நுனியை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறவரின் கை.
நடுவில் முக்காலே அரைக்கால்.
அதுவும் ஏறவில்லை,
துரு அவ்வளவு பருத்திருந்தது.

கம்பித் தூரிகையால் தேய்த்தேன்.
நாற்பத்துநாலு குளிர்காலத்துச் சாலை உப்பு
செதில்செதிலாகக் கண்ணிலும் பல்லிலும்
கழுத்துக்குள்ளும் உதிர்ந்தது.
உள்ளேயிருந்து மூலைகள் வந்தன,
ஒன்று, இரண்டு,
பிறகு கூச்சப்பட்டுக்கொண்டு மற்ற நாலும்.

இப்போது அரைக்கால்காரன் ஏறினான்.
எக்கி இழுத்தேன்.
வழுக்கியது.
விரல்முட்டி சேஸிஸில் போய் மோதியது.
டுவெய்னை ஏசினேன்.
இதில் அவன் பங்கு ஒன்றுமில்லை,
வாய்க்குப் பழகிய பெயர்.

ரத்தத்தைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு
கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன்.
தொழிற்சாலையை விட்டு வந்த அன்று
என்ன அளவோ, அந்த அளவில்
இது இப்போது இல்லை.
புத்தகம் சொல்வது அன்றைக்கு.
எவ்வளவு குறைந்திருக்கும்? மயிரிழை.
அந்த மயிரிழையில்தான்
மூலையெல்லாம் உருண்டுபோகும்.

தவழ்ந்து வெளியே வந்து
என் பெட்டியைத் திறந்தேன்.
இருபத்திரண்டு.
ஒருநாளும் எடுத்ததில்லை,
கடைக்காரன் ஒட்டிய விலை இன்னும் இருந்தது.
நட்டின்மேல் வைத்தேன். தயங்கியது.
சுத்தியலால் ஒரு தட்டு.
இன்னொன்று.
மூன்றாவதில் சத்தம் மாறியது,
சட்டிக்கு அதன் மூடி கிடைத்த சத்தம்.

அங்குலத்தில் பிறந்த நட்டு
எந்த அரசாணையும் இல்லாமல்
துருப்பிடித்துத் துருப்பிடித்து
மில்லிமீட்டருக்குக் குடிவந்திருக்கிறது.
சத்தமாகச் சிரித்தேன்.
வாயில் துரு விழுந்தது.

பிடியில் தண்ணீர்க்குழாயைச் சொருகி
இரண்டு காலையும் டயரில் முட்டுக்கொடுத்து இழுத்தேன்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகும் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு கீச்சு,
கால் சுற்று,
துருவுக்குள்ளிருந்து பளபளவென்று மரை,
கார்ட்டர் காலத்துக்குப் பிறகு வெளிச்சம் பாராதது.

சாயங்காலம் வாளியைத் திருப்பிக் கொடுத்தேன்.
"எது ஏறிச்சு?"
"எதுவும் இல்ல."
ஓரஸ்ட் என் முட்டியைப் பார்த்தார்,
வாளிக்குள் பார்த்தார்.
"ரெண்டுதான் இருக்கு."

புது நட்டு செவ்வாய்க்கிழமை வருகிறது.
அதற்கு இன்னும் எதுவும் நடக்கவில்லை.
அது அச்சாக முக்காலே அரைக்கால்.

"தெரியும்," என்றேன்.