சரக்கு வரவுச் சீட்டு

பொருளின் வகை என்னவென்று கணினி கேட்டது.
பாடநூல், தளவாடம், துப்புரவுச் சாமான், இதர.
இதரவை அழுத்தினேன்.
ஞாயிறுதோறும் பாடகர் குழுவில்
இரண்டாம் வரிசையில் நிற்கிறவள்தான் நான்.

மூன்று ஒப்பந்தப்புள்ளி.
குறைந்த விலை துல்சா கிடங்குக்காரனுடையது.
நானூற்றுப் பன்னிரண்டு பைபிள்,
தோல் மாதிரி அட்டை, பொன்முலாம் ஓரம்,
வரி கிடையாது.
அதே வாரம்
எட்டாம் அறை ஹீட்டருக்கு நிதி இல்லை என்று
எழுதியதும் இந்தக் கைதான்.

உள்ளடக்கம் சரிபார்க்கப்பட்டதா?
சீட்டில் அப்படியொரு கட்டம்.
லாரிக்காரர் ட்வெயின் பேனாவை நீட்டியபடி நின்றார்.
ஒன்றைத் திறந்தேன்.
பொன்னோரம் தாளைத் தாளோடு ஒட்டியிருந்தது.
பிரித்தால்
சருகின்மேல் கால் வைத்த சத்தம்.

வீட்டில் இருக்கிறது என்னுடையது.
காப்பிக் கறை, விட்டுப்போன தையல்,
பின்தாளில் மகன் பிறந்த தேதி,
மேலே கோடிழுத்து அடித்த ஒரு கல்யாணத் தேதி.
அதற்கு யாரும் டெண்டர் விடவில்லை.

மே மாதம் இருப்பெடுக்கப் போனேன்.
வரலாற்று நூலில் அத்தனை தலைவர்களுக்கும் மீசை.
கணக்குப் புத்தகம் பாதியைக் காணோம்.
அகராதியில் ஒரு பக்கம் மட்டும் கறுத்துப்போயிருந்தது,
எந்தப் பக்கமென்று சொல்லவேண்டியதில்லை.
இவை மட்டும்
வைத்தது வைத்தபடி.
எட்டாம் அறையில் ஒன்றை எடுத்துத் திறந்தேன்.
அதே சருகு.

நிலை: புதியது.
தொலைந்தவை: இல்லை.
தணிக்கைக்காரருக்கு அது நற்செய்தி.

விளக்கணைக்க வந்த லொரென்சோ
வாசலில் துடைப்பத்தோடு காத்திருந்தார்.
வருகிறேன், வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே
ஒவ்வொரு தாளாய்ப்
பிரித்துக்கொண்டிருந்தேன்.