ங் வரும்வரை

திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டில்,
ரிக்கு வண்டிக் கம்பெனி மாடியில்
ராத்திரி பத்தே முக்காலுக்கு
அடிக்கணக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
முதல் முந்நூறு அடிக்கு ஒரு ரேட்டு.
அதற்குமேல் நூறுக்கு நூறு ஏறும்.
கேசிங் பைப்பு தனி.

அந்த ரேட்டுக்கு 'விலை' என்று பெயர் வைத்திருக்கிறேன்.
வி போட்டதும்
சிவப்புப் பெட்டி ஒன்று குதிக்கிறது:
வி என்று இங்கே எதுவும் இல்லை.
தெரியும். லை இன்னும் வரவில்லை.
புள்ளி வைக்கிறேன்:
புள்ளிக்குப் பின்னால் ஏதோ விடுபட்டிருக்கிறது.
விடுபடவில்லை, வந்துகொண்டிருக்கிறது.
அடைப்புக்குறி திறக்கிறேன்:
மூடவில்லை என்கிறது,
வாசற்படியில் ஒரு கால் வைத்தவளிடம்
கதவைச் சாத்து என்பதுபோல.

இதில் கொடுமை,
சொல் எடுத்துக்கொடுக்க வரும் பட்டியலின் மேலேயே
குற்றம் சொல்லும் பெட்டி ஏறி உட்கார்கிறது.
எனக்கு வேண்டியது அதற்கடியில்,
மூன்றாவதோ நான்காவதோ,
வால் மட்டும் தெரிகிறது.
எஸ்கேப் தட்டினால் இரண்டுமே போய்விடும்.
என்டர் தட்டினால்
யார் வாங்கிக்கொள்வார்கள் என்பது அவர்கள் இஷ்டம்.

எங்கள் பக்கத்துப் பேச்சில்
மரியாதை கடைசியில்தான் வரும்.
'வாறன்' வரைக்கும் வெறும் தகவல்.
அடிநாக்கு எழும்பி, மூக்கு வழியாக,
அந்த ங் இறங்கும்வரை
எதிரில் இருப்பவர் முகம் சுளிக்கக் கூடாது.
இந்தப் பெட்டியை எந்த ஊரில் செய்தார்களோ.

போன்.
ராய்ச்சூர்ப் பக்கமிருந்து துளசிமணி,
மூணாம் நெம்பர் வண்டி.
"மேடமுங், ராடு..."
சிக்கிக்கிச்சா?
"இல்லீங், ராடு..."
ஒடஞ்சுபோச்சா? எத்தனையாவது?
அந்தப் பக்கம் கம்ப்ரசர் மூச்சுவிட்டு அடங்குகிற சத்தம்.
கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.
"முப்பத்திரண்டு ராடும் ஏத்தியாச்சுங்.
அறுநூத்தி நாப்பதுல தண்ணிங்.
அதச் சொல்லலாம்னுதானுங்."

வைத்துவிட்டார்.
திரை இருண்டிருந்தது. அதில் என் முகம்,
சதுரமாக,
சிவப்பாகக்கூட இருந்திருக்கும்.

ஒன்றரை மணிக்கு
செட்டிங்சில் பதினோரு பக்கம் கீழே இறங்கி
அந்த ஒரு டிக்கை எடுத்துவிட்டேன்.
என்ன அமைதி.
தப்புக்கு அடியில் மெல்லிய நெளிகோடு மட்டும்,
ஈர மண்ணில் புழு போன தடம்.
பார்க்கிறவர் பார்க்கலாம்.
நான் பார்க்கவில்லை.

காலையில் முதல் பில்லே துளசிமணியுடையது.
முந்நூறுக்குமேல் ஏறவேண்டிய ரேட்டு
ஏறாமல் படுத்திருந்தது.
இரண்டு எழுத்து இடம் மாறிய ஒரு பெயருக்கடியில்
நெளிகோடு இன்னும்
பொறுமையாகக் கிடந்தது.

முதலாளியம்மா மரகதமணி
அந்தத் தாளை நாலாக மடித்துக்கொண்டு
மாடி ஏறி வந்து எதிரில் உட்கார்ந்தார்.
ஜன்னலில் மலை, பாதி வெயில்.
டீ வந்தது.
"மொதல்ல குடி கண்ணு."

நான் ஊதி, ஆற்றி,
அடியில் நின்ற சர்க்கரை வரை குடித்து
டம்ளரைக் கீழே வைத்தேன்.
அதன்பிறகுதான்
முதல் மடிப்பைப் பிரித்தார்.