வேலிக்கு அந்தப் பக்கத்துப் பனி

தொர்தோய் சந்தையில் சரக்குப் பெட்டிகள்தான் கடைகள்.
அதிலொன்றின் வாசலில்
மூன்று தகடுகள், மூன்று மாப்பிள்ளைகள் போல.

முதலாவது நீலம்.
உடைந்த கண்ணாடியை அள்ளி ஒட்டியதுபோல்
உள்ளே செதில் செதிலாய் மின்னும் பாலி.
ஏதோ ஜெர்மன் கூரையிலிருந்து கழற்றியதாம்.
"பாதி விலை. இடம்தான் ஒன்றரை மடங்கு கேட்கும்."
பாதி என்ற சொல் என் கணவன் தின்ச்திக்குக்குத் தேன்.
அதற்குள் விளிம்பைத் தடவத் தொடங்கிவிட்டான்.

இரண்டாவது மோனோ.
ஒற்றைப் படிகத்தில் அறுத்த கறுப்பு.
விலை கேட்டதும்
கைப்பைக்குள் பணம் சுருங்கிய சத்தம் எனக்கே கேட்டது.

மூன்றாவது பாயாய்ச் சுருட்டிக் கிடந்தது.
கோடையில் மலையேறுகிறவர்கள்
கூடாரத்து முதுகில் விரித்துக் கட்டலாம்.
மேகத்திலும் கொஞ்சம் கொடுக்கும்.
கொஞ்சம்தான்.
எங்களுக்கு ஆடும் இல்லை, கூடாரமும் இல்லை.
நான் தபால் நிலையம். அவன் பள்ளிக் கொதிகலன்.

கட்டம்போட்ட நோட்டில் எழுதினேன்:
மகளின் தையல் எந்திரம், நூற்றிருபது வாட்.
தண்ணீர் மோட்டார், எழுநூறு, ஆனால் பத்து நிமிடம்.
விளக்கு ஆறு.

"வெயில் ஏறினால் எல்லாத் தகடும் சோரும்.
நரின் குளிரில் உங்களுக்கு அந்தக் கவலையே இல்லை."
எங்கள் கவலை வேறு.
கூரை வடக்கே சரிகிறது.
முழங்கை ஆழப் பனி, மார்ச் வரை இறங்காது.
நீலமோ கறுப்போ
போர்வைக்குள் தூங்கத்தான் போகிறது.

அவன் உள்ளே போய் நான்காவதைத் தூக்கிவந்தான்.
இரண்டு பக்கமும் கண்ணாடி.
"கூரையை விடுங்கள். நட்டமாக நிறுத்துங்கள், வேலிபோல."
நட்டம் என்றதும் தின்ச்திக் திடுக்கிட்டான்.
"காலையில் ஒரு முகம், மாலையில் மறுமுகம்.
தரைப் பனியே வெளிச்சத்தைத் திருப்பித் தரும்."
ஒரு கண்ணுக்கு வெண்ணெய்
மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்றில்லாத பொருளை
அன்றுதான் பார்த்தேன்.
நான்கு வாங்கினோம். கடன்.

தெற்கு வடக்காய் ஓடுவது ஒரே ஒரு வேலி.
அதற்கு அப்பால் சோவெத்பெக்.
வாய்க்கால் தகராறில் ஆறு வருடமாய்ப் பேச்சில்லை.

டிசம்பரில் நோட்டு ஒன்றைச் சொன்னது:
காலையைவிட மாலை அதிகம்.
எங்கள் முற்றம் மிதிபட்டது, சாம்பல் கொட்டியது.
அவர் முற்றத்தில் காலடியே இல்லை.
பிள்ளைகள் ரஷ்யாவில்.
வாசலிலிருந்து விறகுவரை ஒற்றைத் தடம்,
மீதியெல்லாம் வெள்ளை.
அந்த வெள்ளையில்தான் என் மகள்
கால்சட்டைகளுக்கு மடிப்பு அடித்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரியில் ஒரு கடிதம்.
அனுப்புநர் பத்தடி தூரத்தில்.
தபால்தலையில் முத்திரை குத்தியதும் நான்,
வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரித்ததும் நான்.
"உங்கள் தகடு என் பனியைத் தின்கிறது.
எவ்வளவு தின்கிறது, எழுதி அனுப்பவும்."

"பனியை யாராவது தின்ன முடியுமா?"
தின்ச்திக் சிரித்தான்.
நான் மூன்று இரவு கணக்குப் போட்டேன்.
அவர் மேலே விழும் வெயிலைக் கழித்து,
மேகமூட்ட நாட்களைக் கழித்து,
நூற்றில் பதினொன்று.
குறைத்து எழுதக் கை வரவில்லை.
நானும் தபாலில்தான் அனுப்பினேன்.

பதில் இல்லை.
ஒரு வாரம் கழித்து வேலிக்கு அடியில்
ஒரு வயரின் நுனி
எங்கள் பக்கமாய் நீட்டிக்கொண்டிருந்தது.
நுனியைச் சீவி, செம்பு தெரிய,
பனி படாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி.

விளக்குக்கு என்று நினைத்துத்தான் இணைத்தேன்.
அன்றிரவு அந்தப் பக்கம் இருட்டாகவே இருந்தது.
ரேடியோ மட்டும் கேட்டது,
வானிலை அறிக்கை, பிறகு குதிரைப் பந்தயம்,
பிறகு எங்களுக்குப் புரியாத ஏதோ மொழி.
பதினோரு மணிக்கு பேட்டரி இறங்கும்போது
முதலில் அதுதான் அடங்கியது.

நோட்டில் ஒரு வரி சேர்த்தேன்:
ரேடியோ, எட்டு வாட்.
தின்ச்திக் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்,
நீலத்தையே வாங்கியிருக்கலாம்,
பாதி விலை.