கீழ்க்கட்டில், திரையோடு

பையின் அடியில் நசுங்கிக் கிடந்த சேட்டில்
இன்னும் அந்த ஊர்ச் சவர்க்காரம் மணக்கிறது.
நாற்பது பாட் போட்டால் முக்கால் மணித்தியாலம் சுழலும் இயந்திரம்.
காயமுதல் அள்ளித் திணித்துக்கொண்டு விமானம் ஏறினேன்.
இப்போது கல்லடியில், கொடியில்,
ஒரு கையைத் தூக்கிக்கொண்டு தொங்குகிறது.

நாலு நாள், மூன்று இரவு.
நானும் பஸ்மிலாவும்.
லீசிங் கம்பனியில் லீவு கேட்டபோது
"பாங்கொக்கா? ரெண்டு பொம்புளப் புள்ளையளா?" என்று
மனேஜர் பேனையை மூடி வைத்தார்.
பிறகு திறந்து கையெழுத்துப் போட்டார்.

எட்டுப் பெண்கள் படுக்கும் அறை.
கீழ்க்கட்டில், திரையோடு, என்று
பார்த்துப் பதிந்திருந்தோம்.
திரையை இழுத்துவிட்டால்
ஒரு பெட்டியளவு தனிமை.
சின்ன விளக்கு, ஒரு பிளக்,
மேல் கட்டில் கொரியப் பிள்ளை புரளும்போது
முனகும் பலகை.
என் வாழ்க்கையில் முதன்முதலாய்
நான் எங்கே என்று யாருக்கும் தெரியாத ஒரு மணித்தியாலம்
அதற்குள்தான் கிடைத்தது.

ஹலால் சோறு தேடி
பஸ்மிலா என்னை நாலு சந்து இழுத்தாள்.
பள்ளிவாசலுக்குப் பின்னால் மாட்டுச் சூப்.
வாய்க்கால் படகில்
தண்ணீர் தெறித்தால் கயிற்றை இழுத்துத்
தாள்திரையை உயர்த்த வேண்டும்.
ஓரத்தில் இருப்பவரின் வேலை அது.
பின்னால் எல்லாரும் நனைந்த பிறகுதான்
ஓரத்தில் இருப்பது நான் என்று விளங்கியது.

இதையெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்,
பாலத்தடிக் கடையில், ஸ்கூட்டிக்கு பிரேக் வயர் மாற்றிய
தெய்வேந்திரன் அண்ணனிடம்.

அவர் நிமிரவில்லை.
"எந்தப் பக்கம் நிண்ட நீங்க?"
சொன்னேன்.
"வாய்க்காலுக்குக் கிட்டயா?
காலத்தால அஞ்சரைக்கு முதல் படகு போகும்.
ஞாயிறெண்டா கொஞ்சம் பிந்தி."

நீங்களும் போயிருக்கீங்களா அண்ணன்?

"ரெண்டு வருசம் ஏழு மாசம்."

கனடாவுக்கு ரெண்டு கிழமையில், என்று ஏஜென்சி சொன்னதாம்.
நாலாம் மாடி, ஒரு அறை, ஆறு பேர்.
விசா முடிந்த பிறகு
ஐ.நா. தந்த ஒரு தாள், பிளாஸ்டிக் உறைக்குள்.
ஜன்னல் திரையைச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்திருந்தார்களாம்.
படியில் பூட்ஸ் சத்தம் கேட்டால்
ஃபேனையும் நிறுத்துவார்களாம்.

ஸ்பானரைச் சீலையில் துடைத்தார்.
"சத்தம் மட்டும்தான் தெரியும் எனக்கு.
அந்தப் படகு என்ன நிறம்கா?"

நான் நாலு தரம் ஏறினேன்.
நிறம் ஞாபகம் வரவில்லை.

போனை எடுத்தேன். கிறீஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
"நீங்களே தள்ளுங்க" என்றார்.
தள்ளினேன்.
படகில் எடுத்த அத்தனை படத்திலும்
எங்கள் ரெண்டு முகம்தான்.
பஸ்மிலாவின் தோளுக்கப்பால் ஒரு துண்டு நீலம்;
அது தாள்திரை.
தங்கக் கோபுரம், இரவுச் சந்தை, மாம்பழமும் சோறும்.
எதிலும் அவர் நிற்கவில்லை.

தவறுதலாக எடுபட்ட ஒன்று வந்தது:
என் விரல் பாதி,
மீதியில் ஒரு பழைய கட்டடம், உடுப்புக் காயும் பல்கணிகள்.
அழிக்க நினைத்து மறந்த படம்.
"இதில கொஞ்சம் நில்லுங்க."

உதடு அசைந்தது.
ஒண்டு, ரெண்டு, மூண்டு.
அதற்கு மேல் என் விரல்.

"வேற ஆக்கள்ர கட்டடம்" என்றார்,
எனக்குச் சொன்ன மாதிரி இல்லை.

பிறகு முந்நூற்றைம்பது ரூபாய் கேட்டார்.
ஐந்நூறு கொடுத்தேன்,
மிச்சத்தை எண்ணி வைத்தார்.
"இப்ப பிடிக்கும். ரெண்டு நாளைக்கு
ஒரு பக்கம் இழுக்கும், பாத்துப் போங்க."

பாலத்தில் வேகத்தைக் குறைத்தேன்.
பின்னால் ஒரு வேன் ஹோன் அடித்தது, அடிக்கட்டும்.
கீழே வாவியில் ஒரு இறால் தோணி.
பச்சை.
அணியத்தில் மட்டும் பெயின்ட் உரிந்து
உள்ளே பழைய சிவப்பு.