கோழை

செவ்வாய் விடியுமுன்பே மாரிகா
டார்ட்டு நகரின் உறைந்த ஆற்றைத் தாண்டி
சாசேஜ் ஆலைக்குப் போய்விடுகிறாள்.
பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
பின்சீட்டில் ஐஸ் பெட்டி, பெல்ட் போட்டபடி.

ஆலையில் கிறிஸ்துமஸ் அவசரம்.
பன்றிக் குடலை உள்வெளியாகப் புரட்டி
வழுவழுப்பை வழித்தெறிந்தால்தான்
ரத்தமும் பார்லியும் அடைக்க முடியும்.
எறிவதைத்தான் அவள் கேட்கிறாள்.
"குடல் எங்களுக்கு, வழுக்கல் உனக்கு,
யாருக்கு நஷ்டம்?" என்கிறான் ஹெல்டூர்
கையுறையைக் கழற்றாமலே வாளியை நீட்டி.

புட்டியில் பொடியாகவும் கிடைக்கிறது இது.
தண்ணீரில் கரையும்,
வடித்த கஞ்சியாய்ச் சும்மா கிடக்கும்,
ஒருபோதும் சேர்ந்து இறுகாது.
பொடியாக்கும்போதே
கோத்திருந்த கைகள் விட்டுப்போகின்றன.
ஆகவே கண்ணாடிச் சில்லால் சுரண்டுகிறாள்,
முழக் குடலுக்கு ஒரு தேக்கரண்டி.
கொழுப்பு கொஞ்சம், உப்பு கொஞ்சம்,
செத்த செல்களின் மரபிழை ஒரு சிட்டிகை.
கரண்டியைத் தூக்கினால்
கம்பிப் பதத்தில் நூல் இறங்க வேண்டும்,
அறுந்ததும் மேலே சுருண்டுகொள்ள வேண்டும்.
கருவி எண்ணில் சொல்வதற்கு முன்பே
அவள் மணிக்கட்டு சொல்லிவிடும்.

என் மொழியில் இதற்குக் கோழை என்று பெயர்,
பயந்தவனுக்கும் அதே பெயர்தான் என்றேன்.
மாரிகா கையை நிறுத்தவில்லை.
"எந்தப் போரில் ஓடிற்று இது?"

புண்ணான குடலுக்கு ஒரு புது மருந்து,
பச்சையாய் ஒளிரும் நுண்ணிய உருண்டைகளில்.
உப்புநீரில் கண்ணிமைக்குள் கடந்தன.
பொடிக் கரைசலிலும் கடந்தன.
அவள் கிண்ணத்தில் மட்டும்
நின்ற இடத்தில் நின்று நடுங்கின.
பதினோரு வாரம்.
தோல்வி என்றார் பேராசிரியர் டோனிஸ்.
குறிப்பேட்டில் மாரிகா எழுதினாள்:
தடுத்தது.

பிறகு நுண்ணுயிர்களை விட்டோம்.
வாடகை தராமல்
கூரையைத் தின்னும் குடித்தனக்காரர்கள்.
நமக்குள்ளே அதனால் ஒன்றும் மோசமில்லை,
தூங்கும்போதும் யாரோ
அடியிலிருந்து வேய்ந்தபடியே இருக்கிறார்கள்.
கிண்ணத்தில் வேய ஆளில்லை.
மூன்றாம் நாள் பொத்தல்,
அதன் வழியே அடிக்கண்ணாடி தெரிந்தது.

எதை எதையோ செய்துவிட்டோம்,
பிசுபிசுப்பு சரி, புளிப்பு சரி, கண்ணி அகலம் சரி.
தின்னத் தின்ன மறுபடி ஊறும்
அந்த அலுக்காத புத்தியை
எந்த வாளியில் கேட்பது?

வெள்ளி மாலை பிளீச் கலந்து
தொட்டியில் கவிழ்த்தாள்.
தண்ணீர் போயிற்று, பிளீச்சும் போயிற்று.
வடிகால் விளிம்பைப் பற்றிக்கொண்டு
ஒரு விரல் நீளம் மட்டும் தொங்கிற்று.
குழாயை முழுதாகத் திறந்தாள்.
நீண்டது,
விடவில்லை.
கோட்டை மாட்டிக்கொண்டே பார்த்தாள்,
விளக்கை அணைத்தாள்.