ஜன்னல் வாடகை

மூன்றாம் மாடி, தெருப்பக்கம், இரண்டு ஜன்னல்.
தலைக்கு அறுநூறு குரோனர், காபியும் கேக்கும் சேர்த்தி.
பன்னிரண்டு பேர் வந்தார்கள்.
ஓர்ஹுஸ் பல்மருத்துவர்
குள்ளம் என்பதால் என் முக்காலியையும் கேட்டு வாங்கினார்.

கோபன்ஹேகன் முழுக்கச் சிவப்பு வெள்ளை.
பேருந்துகளின் நெற்றியில்கூட இரண்டிரண்டு கொடி.
குதிரைக்குச் சறுக்கக் கூடாதாம்,
நேற்றே மணல் தூவிவிட்டார்கள்.
போன பனிக்காலம் நான் வாசலில் விழுந்தபோது
ஒரு பிடி மணல் கேட்டு
நகராட்சிக்கு மூன்று கடிதம் போட்டேன்.

"ரிக்மோர் அம்மா, நீங்கள் பார்க்கவில்லையா?"
எங்கே பார்ப்பது,
வரவேற்பறை நிறையப் பன்னிரண்டு முதுகு.
சமையலறையில் நான், கெட்டில், சின்னத் தொலைக்காட்சி.

ஒளிபரப்பு அரை நிமிடம் பிந்தி வருகிறது.
ஆரவாரம் முதலில் சுவர் வழியே வரும்;
நான்கு கோப்பைக்குப் பால் ஊற்றி முடித்தால்
திரையில் சாரட்டு திரும்பும்.
மணப்பெண் கையசைப்பதற்குள்
தெரு கைதட்டி ஓய்ந்திருக்கும்.
எனக்கு எல்லாச் செய்தியும் இப்படித்தான் வந்தது.
ஹெனிங் என்னை விட்டுப் போனதுகூட
எதிர்வீட்டுக்காரிக்கு முதலில் தெரியும்.

உள்ளே ஏதோ தடாலென்றது.
கேக்கை வெட்டிக்கொண்டிருந்தேன், எழவில்லை.

கேமரா மெல்ல மேலே ஏறிற்று.
அட, நம் கட்டடம்!
உதிர்ந்த காரை, என் ஜெரேனியம்,
நெருக்கியடித்த தலைகள்,
அவற்றுக்கு மேலே ஒரு வழுக்கை
இடமும் வலமுமாய் ஆடுகிறது.

"பார்த்து!" என்று கத்தினேன்,
கையில் கத்தியோடு,
திரையைப் பார்த்து.