ஆறாம் இழுப்பறை

ரந்தாவ், லிம் இரும்புக்கடை.
இழுப்பறைகளுக்குப் பெயர் ஒட்டச் சொன்னார்.
சீனமும் மலாயும் அவரே எழுதிவிட்டார்;
அடியில், தமிழுக்கு ஒரு விரல் இடம்.

மூன்றங்குலம், இரண்டங்குலம், தொல்லையில்லை.
ஆறாவதில் நின்றுவிட்டேன்:
அரிசி நீளம், கடுகுத் தலை.

அந்தோணிசாமி அதைப் பொடியாணி என்பார்.
செருப்புக்காரருக்கு அது வெறும் குச்சி.
லைன் வீட்டுப் பெண்கள் 'சின்ன பாக்கு' என்பார்கள்,
மலாயில் பாக்கு என்றால் ஆணி.
புதிதாய்ச் சேர்ந்த பையன் ஒருநாள்
வெற்றிலையும் வேணுமாக்கா என்றான்.

வாய்க்குள் உருட்டினேன்:
அச்சாணி, எழுத்தாணி, காலாணி…
கங்காணி, கிராணி.
வேர் வேறு என்று தெரியும்.
ஆனாலும்
அறைந்தவர்கள்தானே.

வியாழன் மதியம் கம்பெனி ஆள் வந்தான்.
பெயரே சொல்லவில்லை,
இரண்டு விரலுக்கு நடுவில்
ஒரு நெல்லளவு காற்றைக் காட்டினான்.
முந்நூறு கிராம் நிறுத்தேன்.
சில்லறையும் சரியாகக் கொடுத்தேன்.

இருட்டுகையில் எங்கள் லைனில்
நாற்பது கதவிலும் ஒரே தாள்.
மூலைக்கு ஒன்று.
கோசோங் என்ற சொல்லுக்கு
எண்ணில் பொருள் சுழி;
கதவில், காலி செய்.

தாள் ஒரே இழுப்பில் வந்தது.
ஆணிகளுக்குத்தான் குறடு வேண்டியிருந்தது.
நான்கும் வளையவில்லை, நல்ல சரக்கு.

காலையில் அவற்றை ஆறாவதில் போட்டேன்.
"பெயர் எழுதலையா?" என்றார் லிம்.
"சீனத்தில் என்ன போட்டிருக்கீங்க?"
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்:
"சின்ன ஆணி.
வேறென்ன?"